நின்ற இடத்துக் கோடு

நாங்கள் அறுத்துக் கொடுக்கும் பலகையை நீங்கள் தொட்டுப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் வீட்டுக் கதவுக்கும் மேஜைக்கும் அது வந்து சேர்வதற்குள் இழைத்து, தேய்த்து, வார்னிஷ் பூசி அதன் முகத்தையே மாற்றிவிடுவார்கள். எங்கள் கையை விட்டுப் போகும்போது அது வேறு மாதிரி இருக்கும். குறுக்கே மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடும். ரம்பத்தின் பற்கள் போட்டவை. கோடுகள் நெருக்கமாக இருந்தால் அறுத்தவன் மெதுவாகத் தள்ளியிருக்கிறான். விலகி விலகி இருந்தால் அவசரப்பட்டிருக்கிறான். பலகை அலை அலையாக இருந்தால் பல் மழுங்கிவிட்டது. இதையெல்லாம் விரலால் ஒரு தடவு தடவியே சொல்லிவிடுவேன் என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

எங்களுடையது சக்கரம் வைத்த நாடா ரம்ப மெஷின். மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக வழியில்லாதவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். மெஷினை வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய், மரம் கிடக்கிற இடத்திலேயே நிறுத்தி அறுத்துக் கொடுப்போம். மரம் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அசையாமல் படுத்திருக்கும். இஞ்சினும் ரம்பமும் உள்ள தலைப்பகுதிதான் அதன் மேல் நகரும். அதைக் கையால் தள்ளிக்கொண்டே ஒருவர் நடக்க வேண்டும். அது அத்தானின் வேலை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மறுமுனையில் நின்று பலகையைப் பிடித்து இறக்கி, காற்றுப் போக இடையிடையே குச்சி வைத்து அடுக்குவது அக்கா. ரம்பத்துக்குச் சாணை பிடிப்பதும், பற்களை ஒன்று இடம் ஒன்று வலமாக விரித்து வைப்பதும், வந்த பலகையில் குற்றம் கண்டுபிடிப்பதும் நான். பதினோரு வருடம் இப்படியே ஓடியது.

அத்தான் எனக்கு வைத்த பேர் இன்ஸ்பெக்டர். நான் பலகை அடுக்கை நோக்கி நடந்தாலே, "இன்ஸ்பெக்டர் வராரு, எல்லாரும் ஒழுங்கா படுங்க," என்று பலகைகளுக்கு உத்தரவு போடுவார். கோபப்படத் தெரியாத மனிதர். அவர் பங்கையும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொள்வேன். எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். அக்கா சிறுவயதில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளையே எடுத்தெறிந்து பேசிவிட்டு, சாயங்காலம் போய் அசடு வழிய நிற்பேன். அவளும் ஒன்றுமே நடக்காததுபோல் சோறு போடுவாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் பலகைகளில் ஒரு புதுக் குறை தலைகாட்டியது. தள்ளிக்கொண்டு போகிறவர் நடுவில் நின்றுவிட்டால், ரம்பம் நகராமல் ஒரே இடத்தில் சுற்றும். அந்த இடத்தில் பலகைக்குக் குறுக்கே ஆழமாக ஒரு கோடு விழும். நகத்தை ஓட்டினால் தட்டும். மறுபடி தள்ளும்போது ரம்பம் சற்றுத் தடுமாறி, கோட்டுக்கு அந்தப் பக்கம் பலகை ஒரு நூல் ஏறியோ இறங்கியோ இருக்கும். நாங்கள் அதை நின்ற கோடு என்போம். மரத்தில் கணு குறுக்கிட்டால் யாராக இருந்தாலும் நின்றுதான் போவார்கள், அதில் தப்பில்லை. இங்கே கணுவே இல்லாத சுத்தமான மரத்தில், நட்ட நடுவில், ஒரு பலகைக்கு ஒன்று, இரண்டு என்று விழுந்துகொண்டிருந்தது.

"என்ன அத்தான், நடுவுல நின்னு வேடிக்கை பாக்கறீங்களா?" என்று முதலில் கேலியாகத்தான் கேட்டேன்.

"காக்கா ஒண்ணு கூப்பிட்டுச்சு. மரியாதைக்கு நின்னு கேட்டேன்," என்றார்.

அடுத்த தடவை கை வியர்த்து வழுக்கியது என்றார். அதற்கடுத்த தடவை கண்ணில் தூள் விழுந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. ரம்பத்தை மாற்றினேன். அதைத் தாங்குகிற உருளைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பிசின் ஒட்டாமல் இருக்க ரம்பத்தில் சொட்டும் தண்ணீரைக் கூட்டி வைத்தேன். மெஷினை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தவனுக்கு, அதைத் தள்ளுகிற ஆளை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை. மெஷின் சரியாக இருக்கிறது, அப்படியானால் ஆளுக்குத்தான் அக்கறை இல்லை என்று முடிவு கட்டினேன். நாள் தவறாமல் திட்டினேன். ஒரு மாதம் போனதும் கோடுகள் குறைந்தன. மேலாகப் பார்த்த பலகைகள் எல்லாம் வழுவழுவென்று இருந்தன. என் வாய்க்கு இன்னும் மவுசு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் இறந்த அன்று மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்வளாகத்தில் வேலை. மதிலோரம் சாய்ந்த பெரிய மரத்தைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். அக்காவுக்குப் பல் பிடுங்கியிருந்தது, வீட்டில் இருந்தாள். அவளுக்குப் பதில் பலகை பிடிக்க நான் நிற்க வேண்டும். ஆறு பலகை அறுத்திருப்போம். எங்களிடம் வழக்கமாகப் பலகை வாங்கும் தச்சர் போனில் கூப்பிட்டார்.

"என்னய்யா, நல்லதா நாலு மேல வெச்சுட்டு, கோடு விழுந்த பக்கத்தையெல்லாம் உள்ள திருப்பி வெச்சு அனுப்பறீங்க? திருப்பிப் பாத்தா ஏணி மாதிரி இருக்கு. இழைச்சு இழைச்சு என் கத்திதான் போச்சு. இவ்வளவு நாள் பழகிட்டு இப்படியா ஏமாத்தறது?"

எனக்கு முகம் எரிந்தது. போனை வைத்துவிட்டு அத்தானிடம் போனேன்.

"கோடு விழுந்ததை உள்ள வெச்சு மறைச்சிருக்கீங்களா? வேலைதான் சுத்தமில்லேன்னா திருட்டுத்தனம் வேறயா? தச்சர் கேக்கற கேள்விக்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கணும் போல இருக்கு."

அத்தான் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு எதையோ யோசித்தார். "ஆமாடா, நான்தான் வெச்சேன். விடு. இனிமே செய்யல," என்றார்.

அவர் மறுத்திருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவ்வளவு சாதாரணமாக ஒத்துக்கொண்டது என்னைக் கொளுத்திவிட்டது.

"அப்ப இனிமே நீங்களே அறுங்க, நீங்களே தூக்குங்க, நீங்களே அடுக்குங்க. அப்பத்தான் புத்தி வரும்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்தேன்.

வளாகத்தின் கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தெரு முனையில் ஒரு டீக்கடை. அங்கே போய் உட்கார்ந்தேன். இஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்டது. ரம்பம் மரத்துக்குள் போகும்போது இஞ்சின் அடித்தொண்டையில் முனகும். தள்ளுவதை நிறுத்தினால் பாரம் குறைந்து லேசாக ஓடும். கண்ணை மூடிக்கொண்டே அங்கே நடப்பதைச் சொல்லிவிடலாம். முனகியது, லேசானது. மறுபடி முனகியது, மறுபடி லேசானது. "பாத்தீங்களா, நின்னுட்டாரு. திரும்பவும் நின்னுட்டாரு," என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவருக்கு என்ன புரியும், தலையை ஆட்டினார். அத்தான் எனக்குப் பழிப்புக் காட்டவே நின்று நின்று அறுக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி ஓடியது. பிறகு சத்தம் லேசாகி, லேசாகவே நீண்டது. முனகல் திரும்பவில்லை. சரி, முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், உட்காரட்டும் என்று இரண்டாவது டீ சொன்னேன். பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

எழுந்து போனதும்கூடச் சண்டையைத் தொடரத்தான். அத்தான் மெஷினின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தீர்ந்துபோய் மரத்துக்குள்ளிருந்து புகை வந்தது. "வேலையைப் போட்டுட்டு என்ன உக்காந்துட்டீங்க?" என்று கத்தினேன். அவர் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார். என் வாயில் பத்து நிமிடம் என்று வந்தது. டீ வாங்கப் போயிருந்தேன், வருவதற்குள் இப்படி என்றேன். அப்படியென்றால் இதயம் சட்டென்று நின்றிருக்கும், அதிகம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். அக்கா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அவருக்கு வலியே தெரியல. டீ வாங்கிட்டு வர்ற நேரம்தான்," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் கிடங்குக்காரர் போன் செய்தார். வருத்தத்தோடுதான் பேசினார்; ஆனால் இடத்தைக் காலி செய்ய வேண்டும், பாதி அறுத்த மரமும் மெஷினும் அப்படியே நிற்கின்றன என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொய்யை டாக்டரிடம் சொல்லலாம், ஊரெல்லாம் சொல்லலாம். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் பலகைகள் இருக்கின்றன. நான் போன பிறகு அவர் தனியாக அறுத்தவை. பதினோரு வருடம் பலகை பிடித்தவள் அக்கா. அவள் கை அதன் மேல் பட்டால் அன்றைய காலை முழுவதும் அவளுக்குத் தெரிந்துபோகும்.

விடிந்ததும் போய்ப் பலகைகளை அள்ளி, தெரிந்த ஒரு பட்டறையில் இழைப்பு மெஷினில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அரை மணி நேரம் போதும். இழைப்புக் கத்தி தின்று துப்பிவிட்டால் அதில் ஒரு சங்கதியும் மிஞ்சாது. வேனை எடுக்கப் போனால், முன்சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகும்போது கட்டும் பழைய துணியைத் தலையில் கட்டியிருந்தாள்.

"நீ எதுக்குக்கா? நான் பாத்துக்கறேன்."

"பலகையை யாரு பிடிப்பா?" என்றாள்.

வளாகத்தில் ரம்பத்தூள் மழையில் நனைந்து அடை தட்டிக் கிடந்தது. மெஷினைப் போர்த்தியிருந்த தார்ப்பாயை இழுத்தேன். பத்தடி மரத்தில் ஏழடி அறுபட்டு, ரம்பம் உள்ளேயே சிக்கி நின்றது. வெட்டுக்குள் ஆப்பு அடித்துத் திறந்து, தலைப்பகுதியைக் கெஞ்சிக் கெஞ்சிப் பின்னால் இழுத்தேன். ரம்பம் வெளியே வந்தபோது அதன் பற்கள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. அது நின்ற இடத்தில், மரத்தின் பக்கவாட்டிலேயே, இரண்டு விரல் அகலத்துக்குக் கரி பிடித்திருந்தது. ரம்பம் பத்து நிமிடம் சும்மா சுற்றினால் இப்படிக் கருகாது. அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அந்த இடத்தை மறைத்து நின்றுகொண்டே புது ரம்பத்தை மாட்டினேன், தண்ணீர் ஊற்றினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் கீழே போயிற்று.

அக்கா அதற்குள் பலகை அடுக்கின் பக்கம் போய்விட்டாள். நாங்கள் சேர்ந்து அறுத்த ஆறும் ஒரு அடுக்காக இருந்தன. சற்றுத் தள்ளி, வேறு நான்கு பலகைகள்.

"இது யாரு அடுக்கினது?"

"நான்தான்."

"குச்சியெல்லாம் கோணலா இருக்கே. நீ இப்படி வைக்க மாட்டியே."

"அவசரத்துல வெச்சேன்."

அவள் மேல் பலகையின் ஒரு முனையைத் தூக்கித் திருப்பினாள். உள்ளங்கையை அதன் மேல் வைத்து, வாலிலிருந்து தலைவரை நடந்தாள். மூன்று இடங்களில் நின்றாள். இரண்டாவது பலகையில் ஐந்து இடம். அடுத்ததை அவள் திருப்பவில்லை, கையை மட்டும் உள்ளே விட்டுத் தடவினாள். இதோ கேட்கப் போகிறாள் என்று மெஷின் பக்கத்திலேயே நின்றேன்.

"இந்தக் கோடு எனக்குத் தெரியும்டா," என்றாள் அக்கா. "நாலு மாசமா தெரியும்."

நான் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"ஒவ்வொரு தடவ நிக்கறப்பவும் நெஞ்சுல கைய வெச்சுப்பாரு. நான் எதுத்த முனையில நின்னு பாத்துக்கிட்டேதான் இருப்பேன். என்னன்னு கேட்டா தூசிம்பாரு. டாக்டர்கிட்ட போலாம்னா, இந்த மரம் முடியட்டும், அந்த மரம் முடியட்டும்பாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. 'சொன்னா உன் தம்பி என்னைய உக்கார வெச்சிருவான், உக்காந்துட்டா நான் எதுக்கு ஆவேன்'னாரு." அவள் மூக்கைத் துடைத்தாள். "நீயானா தினம் திட்டற. எனக்குப் பொறுக்கல. அதான் கோடு விழுந்த பக்கத்தை உள்ள வெச்சு, நல்லத மேல வெச்சு அடுக்கினேன். அவருக்கே தெரியாது."

அவருக்கே தெரியாது. போன் வந்த அன்று அவர் புரியாமல் விழித்ததும், பிறகு யோசித்ததும், நான்தான் வெச்சேன் என்று சொன்னதும் வரிசையாகக் கண்முன் வந்தன. அக்கா செய்ததை அந்த ஒரு நொடியில் கண்டுபிடித்து, அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். அதற்காகத்தான் நான் அவரைத் திருடன் என்றேன்.

"நான் மறைக்காம இருந்திருந்தா உன் கண்ணுல பட்டிருக்கும்," என்றாள் அக்கா. "உன் கண்ணுக்குத் தப்பாதே எதுவும். இது ஏதோ உடம்புன்னு கண்டுபிடிச்சிருப்ப. குண்டுக்கட்டா தூக்கிட்டாவது போயிருப்ப ஆஸ்பத்திரிக்கு. நான்தான்டா மூடி மூடி வெச்சு அவரைக் கொன்னுட்டேன்."

அவள் அழவில்லை. பலகையின் மேல் கையை வைத்தபடி நின்றாள். நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. பழியை அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள். தேற்றுகிற மாதிரி இரண்டு வார்த்தை சொல்லி வேனில் ஏற்றி வீட்டில் விட்டுவிட்டு வரலாம். அதைவிட, உண்மையைச் சொன்னால் அவளிடம் மிச்சமிருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும்; வலி தெரியாமல் போனார் என்பதும் போய்விடும். அவளுக்காகவே சொல்லக் கூடாது என்றுகூட ஒரு நியாயம் மனதில் ஓடியது. அந்த நியாயம் என்னையே குமட்டியது. அவள் என்னைக் கண்ணில்லாதவன் என்று திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் பாத்தேன்," என்றேன். "நீ மறைக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் பாத்தேன். கைய வெச்சுப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. வேலைக்குக் கள்ளம் பண்றாருன்னு நினைச்சேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"இங்க வா," என்று மறைத்து நின்ற இடத்திலிருந்து விலகினேன்.

அக்கா வந்து மரத்தின் பக்கவாட்டில் இருந்த கரியைப் பார்த்தாள். குனிந்து, ஆப்பு திறந்து வைத்திருந்த வெட்டுக்குள் விரல்களை விட்டாள். கறுப்பிலிருந்து பின்பக்கமாகத் தடவிக்கொண்டு போனாள். அரையடியில் ஒரு கோடு. அங்கிருந்து ஓரடியில் இன்னொன்று. பிறகு ஒன்றரை அடியில். அறுப்பு தொடங்கிய பக்கம் அவை விலகியிருந்தன, வரவர நெருங்கியிருந்தன. எவ்வளவு தூரத்துக்கு ஒரு தடவை அவர் மூச்சு வாங்கினார் என்று அவள் விரலால் அளந்துகொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இது பத்து நிமிஷத்துல கருகினது இல்ல," என்றாள்.

"இல்ல."

"நாலு பலகைய நீ அடுக்கல."

"இல்ல. அவரே தூக்கி அடுக்கியிருக்காரு."

"நீ எங்க இருந்த?"

"சண்டை போட்டுட்டுப் போயிட்டேன். அந்தத் தெரு முனையில டீக்கடையில இருந்தேன். ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"சத்தம் கேட்டிருக்குமே அங்க."

"கேட்டுச்சு."

"நிக்கறதும் போறதும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

"கடைசியா நின்னது?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அக்கா வெட்டுக்குள்ளிருந்து கையை எடுத்தாள். விரல் நுனியெல்லாம் கரி. அதைப் புடவையில் துடைக்கவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நீ போ," என்றாள். "கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னால நிக்காத."

"அக்கா, மரம்..."

"போடான்னா."

கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தேன். எங்கே போவதென்று தெரியாமல் நடந்தேன். கால் அன்று போன வழியிலேயே போய் அந்த டீக்கடை வாசலில் நின்றுவிட்டது. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, வாங்க என்றார். உள்ளே போகவில்லை. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் இஞ்சின் கிளம்பியது.

அக்கா மெஷினைத் தள்ளி நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, சாப்பிட்டுப் பதினேழு நாள் ஆனவள்போல் இளைத்திருந்தாள். திரும்பிப் போகலாமா என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். கண்ணு முன்னால நிக்காத என்றவளிடம் எந்த முகத்தோடு போவது. நின்று கேட்டேன். சத்தம் லேசாக இருந்தது. அத்தான் ஏற்கெனவே அறுத்த ஏழடிக்குள் ரம்பம் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. மிக மெதுவாகத் தள்ளுகிறாள். ஓரடி. இரண்டடி. அவர் நின்ற இடங்களை ஒவ்வொன்றாகக் கடக்கிறாள் என்று கணக்குப் போட்டேன். பிறகு இஞ்சின் முனகியது. கரிக்கோட்டைத் தாண்டிவிட்டாள், பச்சை மரத்துக்குள் போகிறாள்.

முனகல் நீண்டது. இழுத்துப் பிடித்துத் தள்ளுகிறாள். கடைக்காரர் ஏதோ கேட்டார், காதில் ஏறவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மிச்சம் மூன்றடி என்பதுதான். அந்த மூன்றடிக்கு இவ்வளவு நேரமா? ஓரடி போயிருப்பாளா, இரண்டடியா?

முனகல் சட்டென்று நின்றது. இஞ்சின் லேசாக ஓட ஆரம்பித்தது.

அறுத்து முடித்தாலும் அந்தச் சத்தம்தான். ஆள் விழுந்தாலும் அந்தச் சத்தம்தான். ஓடினேன். குறுக்கே வந்த சைக்கிளை இடித்துக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று தெருவிலேயே கழன்று போயிற்று. கேட்டில் தோள் மோதியது. "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டே தூளில் வழுக்கி, மெஷினுக்குப் பக்கத்தில் போய் விழுந்தேன்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். தலைப்பகுதி மரத்தைத் தாண்டி வெளியே போயிருந்தது. பலகை தனியாகப் பிரிந்து கிடந்தது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வையும் தூளும்.

"எதுக்குடா இப்படி ஓடி வர்ற?"

"சத்தம்..." எனக்கு மூச்சு வாங்கியது. "சத்தம் லேசாயிடுச்சு. அதான்."

"எங்கேருந்து வர்ற?"

"கடையிலேருந்து."

அவள் கேட்டையும் என்னையும் பார்த்தாள். என் வெறுங்காலைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு, நீ வந்து சேர?"

"தெரியலக்கா. அரை நிமிஷம் இருக்கும்."

"அரை நிமிஷம்," என்று திருப்பிச் சொன்னாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. "அவ்வளவு பக்கத்துலயாடா இருந்த?"

இஞ்சினை அணைத்துவிட்டு மரத்தின் மேலேயே உட்கார்ந்து, பதினேழு நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.